சும்மா குடுக்கிற கசடு, நம்ம தலையில ஏறுற செலவு!

(பாலாற்றுப் பகுதி கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாசம் ஒரு சூளைக்காரர் என் தம்பி நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். "மண்ணு ரொம்ப தோண்ட மாட்டேங்க, பாதி மண்ணு வெளியில இருந்து லாரியில வரும்" என்றார். என்ன மண்ணு என்று கேட்டேன். தோல் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குகிற கசடாம். காசு கிடையாதாம், லோடு இலவசமாம். "சுட்டா விஷமெல்லாம் செத்துப்போயிடும்" என்றார்.

கசடில் செங்கல் அறுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம வயல் மேல்மண் மிச்சமாகுமே! ஆனால் எல்லாக் கசடும் ஒண்ணில்லை. தோல் கசடில் இருப்பது குரோமியம். தோல் பதனிடும்போது சேர்க்கிற குரோமியம் அவ்வளவு பொல்லாதது இல்லை, தண்ணீரில் சுலபமாகக் கரையாது. அதையே சுண்ணாம்போடு, காற்றுப் படச் சுட்டால் வேறு சரக்காக மாறுது. தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். குரோமேட் கம்பெனிகளே தாதுவைச் சோடாவோடு சேர்த்துக் காற்றில் வறுத்துத்தான் அந்த மஞ்சள் உப்பை எடுக்கிறாங்க. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய கம்பெனி விட்டுப்போன குரோமியக் கழிவு மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லணுமா? கசடில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கு. சூளை நெருப்பும் காற்றும் சேர்ந்தால் அதே வேலைதான் சின்ன அளவில் நடக்கும். காற்றை அளந்து விடுகிற உலையில் இதைத் தடுக்கலாம். நம்ம நாட்டுச் சூளையில் காற்று அடிக்கிற பக்கம்தானே வேகுது, யார் அளந்து விடுறது?

கல்லும் லேசுப்பட்டதில்லை. கசடு கூடக் கூட கல் தண்ணி குடிக்கும், பலம் குறையும். சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணி குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அது கல்லின் தரத்துக்கான சோதனை மட்டும்தான். குரோமியம் கசியுதா என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்கணும். ஊறின தண்ணி தெளிவா இருக்கே என்று ஏமாந்துடாதீங்க.

2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டையில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தாங்க. கசடைத் தேக்கி வைப்பதும் ஆபத்து, ஒத்துக்கிறோம். அதுக்காக நம்ம ஊர்ச் சூளையில் கொட்டுவதா? மாசு பண்ணினவரே செலவை ஏற்கணும் என்று 28.8.1996-ல் நம்ம பாலாற்று வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்லியிருக்கு. கசடைப் பாதுகாப்பா ஒழிக்கக் காசாகும். சூளைக்கு இலவசம் என்றால் அந்தச் செலவு நம்ம கிணத்துக்கு வருது என்று அர்த்தம்.

2016 விதிப்படி இது அபாயகரக் கழிவு. இதைச் செங்கல்லுக்குப் பயன்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனி அனுமதி வேணும். லாரியில் ஏற்றினால் ஏழு நகல் சீட்டு வேணும். அனுமதியையும், கல், சாம்பல் இரண்டின் சோதனை முடிவையும் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டணும். அதுவரைக்கும் ஒரு லோடும் உள்ளே வரக்கூடாது. இதுதான் நம்ம கோரிக்கை.

ராத்திரியில் லாரி வந்தால் நம்பரையும் நேரத்தையும் குறிச்சு வையுங்க, சீட்டைக் கேளுங்க. வெறும் கையால் கசடைத் தொடாதீங்க, பிள்ளைங்களை அண்ட விடாதீங்க. அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு எல்லாரும் கலெக்டர் ஆபீஸ் வரணும். சூளை பக்கத்தில் கிணறு இருக்கிறவங்க பட்டா நகலோடு முன்னால் நில்லுங்க. தம்பி நிலத்தை நாங்க குடுக்கலை.