பேனா யார் கையில்?

(குறுவள மையக் கூட்டத்தில் மூத்த ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசப் போகிறேன். சமூக அறிவியல் ஆசிரியரிடம் மைக்கைக் கொடுத்தால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் ஒரு கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தார். ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேசியவர்களின் பெயரை எழுதுவான் அல்லவா? அவர் வகுப்பில் ஒரு பையன், தானும் பேசியதால் தன் பெயரையே முதலில் எழுதி வைத்திருந்தான். அதைப் பற்றித்தான் கட்டுரை. "கொஞ்சம் பாருங்க சார்" என்றார்.

ஒரே இரவில் திருத்திக் கொடுத்தேன். திருத்தினேன் என்று சொல்வதே தவறு. வேறொன்றை எழுதினேன். தொடக்கத்தில் ஓர் அறிஞரின் மேற்கோள், நடுவில் தலைமைப் பண்புகள் ஏழு, முடிவில் ஓர் அறைகூவல். கட்டுரை அச்சில் வந்தது. வாழ்த்தினேன். அவர், "என் பேரு இருக்கு சார். அந்தப் பையன்தான் இல்ல" என்றார். அதன்பின் அவர் எதையும் எழுதி நான் பார்க்கவில்லை.

நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது, ஆப்பிரிக்க இளம் ஆய்வாளர்கள் கட்டுரை எழுதக் கற்பதைப் பற்றிப் படித்தபோதுதான்.

கானா நாட்டில் ஓர் இளம் விரிவுரையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். நெறிசார்ந்த தலைமை பற்றி எழுத விரும்புகிறார். வீட்டில் ஒரு மொழி, ஆய்வுக்கு ஆங்கிலம். பகலெல்லாம் வகுப்பு. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு, சரிபார்க்காமலேயே வெளியிடும் போலி ஆய்விதழ்கள் வேறு வலை விரித்துக் காத்திருக்கின்றன.

அவர் ஊரில் அக்கான் மக்களின் மரபு இருக்கிறது. அங்கே தலைவர் அமர்வது ஓர் இருக்கையில். அது பதவியின் அடையாளம். நெறி தவறிய தலைவரை அந்த இருக்கையிலிருந்து இறக்க மக்களுக்கு வழி உண்டு. தலைவரும் மூத்தோரும் பேசிப் பேசி ஒத்த முடிவுக்கு வருவதைப் பற்றிக் கானாவின் தத்துவ அறிஞர் குவாசி விரெடு விரிவாக எழுதியிருக்கிறார். இவ்வளவு கையில் இருந்தும், அந்த இளைஞர் தன் கட்டுரையை அமெரிக்க மேலாண்மைப் பாடநூலின் வரையறையோடுதான் தொடங்குவார். அப்படித் தொடங்கினால்தான் 'ஆய்வு' என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

பெனின் நாட்டுத் தத்துவ அறிஞர் பாலின் ஹூன்டோன்ஜி இந்த நோயைத் தெளிவாகக் காட்டினார். தரவு ஆப்பிரிக்காவில் திரட்டப்படுகிறது. கோட்பாடு ஐரோப்பாவில் உருவாகிறது. ஆப்பிரிக்க அறிஞரும் வெளிநாட்டு வாசகரை மனத்தில் வைத்தே எழுதுகிறார் என்றார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆசிரியையின் வகுப்பறை எனக்கு வெறும் தரவாக இருந்தது. கோட்பாட்டை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினேன்.

அப்படியானால் வழிகாட்டி சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரே நம்மைப் போல் பள்ளி ஆசிரியர். மக்கள் அவரை 'முவாலிமு' என்றே அழைத்தார்கள். சுவாஹிலியில் ஆசிரியர் என்று பொருள். 1967ஆம் ஆண்டு அருஷா பிரகடனத்தில் தலைவர்களுக்கு ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. தலைவர் நிறுவனப் பங்குகள் வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. 1985இல் அவர் தாமாகவே பதவியிலிருந்து விலகினார். ஆனால் அவருடைய ஆட்சியில்தான் 1970களில் ஏராளமான கிராம மக்கள் கட்டாயமாகப் புதிய குடியிருப்புகளுக்கு இடம் மாற்றப்பட்டார்கள்.

ஓர் இளம் ஆய்வாளர் இவரைப் பற்றிப் புகழுரை எழுதிக்கொண்டு வந்தால் வழிகாட்டி என்ன செய்வார்? தானே இரண்டு பத்தி சேர்த்துவிடலாம். வேலை விரைவில் முடியும். நல்ல வழிகாட்டி ஓரத்தில் கேள்வி எழுதுவார்: 'இடம் மாற்றப்பட்ட கிராமத்தார் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள்? இந்த வரிக்குச் சான்று எங்கே?' பதிலைத் தேடிப் போகும்போதுதான் அவர் ஆய்வாளர் ஆகிறார்.

இதை முறையாகச் செய்யும் அமைப்புகள் உண்டு. 2007இல் தொடங்கிய 'ஆதர்எய்ட்', வளரும் நாடுகளின் ஆய்வாளர்களையும் அனுபவம் மிக்கவர்களையும் இணையவழி இணைக்கிறது. 2008இல் உருவான 'கார்ட்டா' கூட்டமைப்பை நைரோபியின் ஓர் ஆய்வு மையமும் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வழிநடத்துகின்றன. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிக்கொண்டே முனைவர் பட்டம் செய்பவர்களை ஒன்றாகத் தங்கவைத்துக் கருத்தரங்குகள் நடத்துகிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்லும் பழக்கம் அப்படித்தான் வளரும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கட்டுரையில் யார் பெயர்? மொழியைத் திருத்தியதற்காகவோ, பொதுவாக மேற்பார்வை செய்ததற்காகவோ மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வரையறுத்திருக்கிறது. அவருக்கு நன்றி சொன்னால் போதும். 2022இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டில், வெளியார் வந்து தரவை எடுத்துக்கொண்டு உள்ளூர் ஆய்வாளரைக் கைவிடும் வழக்கம் நேர்மைக் குறைவாகவே பேசப்பட்டது. தலைமை நெறி பற்றிய ஓர் இளைஞரின் கட்டுரையில் வழிகாட்டி தன் பெயரை நுழைத்தால், அந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்பு?

நான் என் பெயரை நுழைக்கவில்லை. அவருடைய பெயருக்குக் கீழே என்னை நுழைத்தேன். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நண்பர்களே, நம்மிடம் பாடக்குறிப்பும் செயலாய்வும் கட்டுரையும் கொண்டுவரும் புதிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடிக்க முயல்கிறேன். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை. "இதுல உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். அடுத்து, பென்சிலால் ஓரத்தில் கேள்விகள் மட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் இல்லை. கடைசியாக, பிழைகளை ஒரு பத்தியில் மட்டும் காட்டுகிறேன். மற்றவற்றை அவரே கண்டுபிடிக்கட்டும். நேரம் அதிகம் பிடிக்கும், மறைக்கவில்லை. சில கட்டுரைகள் நான் எழுதியிருந்தால் இன்னும் பளபளப்பாக இருந்திருக்கும். அதுவும் உண்மை.

சென்ற மாதம் அந்த ஆசிரியையிடம் போய், "உங்க பழைய கையெழுத்துப்படி இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன். "தேடிப் பார்க்கிறேன் சார்" என்றார். இன்னும் தரவில்லை. தந்தால் நான் பென்சிலோடு காத்திருக்கிறேன். தராவிட்டாலும் அது அவருடைய உரிமை.

பேசியவர்கள் பட்டியலில் தன் பெயரை முதலில் எழுதினான் அந்தப் பையன். என் பெயரையும் நான் எழுதிவிட்டேன்.