வைகறை வானொலி



ஆண்டு முழுவதும் பரண்மேல் கிடக்கும் வானொலிப் பெட்டியை ஒரே ஒரு வைகறைக்காக இறக்கி, தூசு தட்டி, பழுதுபார்க்கக் கொடுக்கும் விந்தையான வழக்கம் வங்காளத்தில் உண்டு. மகாளய அமாவாசை நெருங்கும் நாள்களில் கொல்கத்தாவின் வானொலி பழுதுபார்க்கும் கடைகளுக்கு உயிர் வந்துவிடும். அமாவாசை அன்று அதிகாலை நான்கு மணிக்கு ஒலிபரப்பாகும் 'மகிஷாசுரமர்த்தினி' என்னும் இசைநிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

1930களின் தொடக்கத்தில் பிறந்த நிகழ்ச்சி அது. எழுதியவர் பாணி குமார். இசையமைத்தவர் பங்கஜ் மல்லிக். தேவியின் புகழை ஓதியவர் பீரேந்திர கிருஷ்ண பத்ர. 1976ஆம் ஆண்டு அதனை நிறுத்திவிட்டு, புகழ்பெற்ற திரைநடிகர் உத்தம் குமார் பங்கேற்ற புதிய நிகழ்ச்சியொன்றை வானொலியார் வழங்கினர். நேயர்கள் கொதித்தெழுந்தனர். பழைய நிகழ்ச்சியே மீண்டும் வந்தது. பத்ர 1991இல் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அந்த ஒலிப்பதிவு இன்று கைப்பேசியில் எந்நேரமும் கிடைக்கும். அவ்வாறிருக்க, பழைய பெட்டியைப் பழுதுபார்த்து, இருட்டில் எழுந்து காத்திருப்பானேன்?

விடை தேடி வங்கம்வரை செல்ல வேண்டுவதில்லை; ஆண்டாளிடமே அது உள்ளது. திருப்பாவையின் முப்பது பாசுரங்களுள் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தோழியரைத் துயிலெழுப்புவன. நோன்பின் பயன் எத்துணைப் பெரிதாயினும் அதனைத் தனித்துப் பெற ஒருத்திக்கும் மனமில்லை. பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே இருப்பவள், எல்லோரும் வந்துவிட்டனரா என வினவுகின்றாள். வெளியே நிற்பவர்கள், வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கின்றனர். கூட்டம் நிறைந்த பின்னரே நோன்பு.

1938இல் தொடங்கப்பெற்ற சென்னை வானொலி நிலையம், மார்கழி வைகறையில் திருப்பாவையை ஒலிபரப்பியபோது, அத்தோழியரின் பணியையே மேற்கொண்டது எனலாம். அரியக்குடி இராமானுஜ அய்யங்காரின் மெட்டுகளில் எம்.எல். வசந்தகுமாரியின் குரல் கதவைத் தட்டியது. இன்றைய பாசுரத்தைத் தவறவிட்டவர் அதனை வானொலியில் கேட்க அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் நகர்த்தவியலாத அந்தக் கட்டுப்பாடே ஒரு நோன்புதான். அடுத்த வீட்டிலும் அடுத்த ஊரிலும் அதே நொடியில் அதே பாடல் ஒலிக்கின்றது என்னும் உணர்வு, எண்ணிப் பாராமலே கூட்டத்தை நிறைவாக்கியது.

ஏரியும் வயலுமாக இருந்த சிறுசேரியில் இன்று மென்பொருள் வளாகங்கள் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. ஒரு வீட்டில் கோலமிட எழும் வேளையில், மறு வீட்டில் இரவுப்பணி முடித்தவர் உறங்கச் செல்கின்றார். பாடல்களுக்குக் குறைவில்லை, அவரவர் காதுக்குள் அவரவர் பாடல். ஒரு பாடலை ஊரே கேட்கும் பொழுதுதான் அருகிவருகின்றது.

இது கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்கது. பாட்டு வீடுதேடி வருவது எளிது. எதிர்வீட்டாரையும் எழுப்பி அழைத்துச் செல்வதே அரிது. பாவைப்பாட்டு அதைச் செய்தது. வானொலியும் சில காலம் செய்தது. இனி எழுதப்படும் பாட்டு எவர் கதவைத் தட்டப்போகின்றது என்பதே இன்றைய வினா.