ஊரின் நோய்க்கு மருந்து



நம் பிள்ளைகளில் ஒருவர் நன்றாகப் படித்தால், "நீ டாக்டராக வேண்டும்" என்கிறோம். அப்போது நம் மனத்தில் வருபவர், வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்க்கும் டாக்டர்தான். ஆனால் ஒரு லயத்தில் பத்து வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு கண்டால் என்ன செய்வது? பத்துப் பேருக்கும் மருந்து கொடுப்பது ஒரு வேலை. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் பொதுச் சுகாதாரம் என்று பெயர். ஒரு நாட்டுக்கு மட்டுமல்லாமல் பல நாடுகளுக்கும் சேர்த்து இதை நடத்தும் தலைவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் நம் பினாங்கில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் டாக்டர் வூ லியென் தே. 1879-ல் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து வந்து நகைவேலை செய்து பிழைத்தவர். மகன் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். 1903-ல் திரும்பி வந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஆனால் அக்காலத்தில் அரசாங்க மருத்துவத்துறையின் மேல்பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கே உரியவை. கேம்பிரிட்ஜ் பட்டமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பினாங்கில் சொந்தமாக மருத்துவம் பார்த்துக்கொண்டு, அபின் பழக்கத்தை எதிர்த்துப் பேசினார். அபின் வியாபாரத்தில் பெரும்பணம் புரண்ட காலம் அது; அவருக்கு எதிரிகள் சேர்ந்தார்கள். 1908-ல் சீனாவுக்குப் போய், டியன்ஜின் நகரத்து ராணுவ மருத்துவக் கல்லூரியில் வேலை ஏற்றார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அவரை அனுப்பினார்கள். இரத்தம் துப்பிச் சில நாட்களில் சாகும் கொள்ளைநோய் அங்கே பரவியிருந்தது. அவருக்கு வயது 31. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். வூ, இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துச் சோதித்தார். நுரையீரலில் பிளேக் கிருமி இருந்தது. இது இருமலின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்றார். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகமூடியை எல்லாரும் கட்ட வேண்டும் என்றார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், இதை ஏற்கவில்லை. முகமூடி இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன்பிறகு ஊர் முழுவதும் முகமூடி கட்டிக்கொண்டது. பாவம், அவரும் நல்ல எண்ணத்தோடு வந்தவர்தான்.

நோய் கண்டவர்களோடு பழகியவர்களை ரயில் சரக்குப் பெட்டிகளில் தனியாக வைத்தார் வூ. ஆனால் பெரிய சிக்கல் வேறு. பனியில் மண் கல்லாய் உறைந்துவிட்டது; குழி தோண்ட முடியாமல் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பிணங்கள் வெளியே கிடந்தன. எரிக்கலாம் என்றால், முன்னோர் உடலை மண்ணில் அடக்குவதே சீனர் வழக்கம். யாரால் துணிந்து சொல்ல முடியும்? ஊர்ப் பெரியவர்களை அழைத்து வந்து அந்தக் காட்சியைக் காட்டினார். பேரரசரின் அனுமதிக்கு எழுதினார். அனுமதி வந்தது, 1911 ஜனவரி முடிவில் உடல்கள் எரிந்தன. மார்ச் தொடக்கத்தோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் மாண்டவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். ஏப்ரலில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். பினாங்கில் கிடைக்காத நாற்காலி அங்கே கிடைத்தது.

"நகைவேலைக்காரர் மகன் வேறு, பால்மரம் வெட்டுகிறவர் மகள் வேறு" என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். வீட்டில் படிக்க ஒரு மேசையில்லாத பிள்ளைக்குப் பாதை நீளம். ஆனால் இந்தத் துறைக்கு டாக்டர் பட்டம் ஒன்றே வாசல் அல்ல. தாதியர் படிப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம், புள்ளிவிவரக் கணக்கு ஆகியவற்றிலிருந்தும் வரலாம். சில ஆண்டுகள் கிராமங்களிலும் மாவட்டங்களிலும் வேலை பார்த்துவிட்டு, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு உண்டு. பெண் பிள்ளைக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: சென்னையைச் சேர்ந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன் பல ஆண்டுகள் காசநோயை ஆராய்ந்தவர், 2019 முதல் 2022 வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. வூ சீனாவுக்குப் போன பிறகுதான் மாண்டரின் மொழியைப் பாடுபட்டுக் கற்றார். நம் பிள்ளைகள் தமிழும் மலாயும் ஆங்கிலமும் இப்போதே பேசுகிறார்கள். பல நாட்டாரோடு பழகும் வேலைக்கு இது சின்னச் சொத்தல்ல.

1937-ல் வூ மலாயாவுக்குத் திரும்பினார். ஈப்போவில் சாதாரண மருத்துவராக நோயாளிகளைப் பார்த்தார். 1960-ல் பினாங்கில் காலமானார்.

நான்காம் படிவத்துக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பாடங்களை எடுப்பது என்று முடிவாகும் முன்பு ஒருநாள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போய் அறிவியல் ஆசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.