எந்த ஆமையை அறுப்பது?

 

கடலாமைகளுக்கு வரும் நார்த்திசுக் கட்டி நோயைப் பற்றிப் பேச இக்கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். ஃபுளோரிடாப் பேராமைகளின் தோலில் கண்ட இக்கட்டிகளை ஸ்மித், கோட்ஸ் என்ற இருவர் 1938-இல் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இன்று ஏழு இனக் கடலாமைகளிலும் இந்நோய் தெரிய வந்திருக்கிறது. பேராமையைத்தான் அது மிக அதிகமாக வாட்டுகிறது. ஆமைகளுக்கே உரிய ஒரு ஹெர்பீஸ் வைரஸ் இதனோடு தொடர்புடையது.

நோய் முற்றிய ஓர் இளம் பேராமையைப் பாருங்கள். கழுத்திலும் துடுப்புகளின் அடியிலும் காலிஃப்ளவர் பூப்போலக் கட்டிகள் திரண்டிருக்கும். கண்ணை மூடிக் கட்டி வளர்ந்துவிட்டால் கடற்புல் இருக்கும் இடமே அதற்குத் தெரியாது. இரை எடுக்காமல் மெலிந்து, வயிற்றுப்புற ஓடு உட்குழிந்து, முதுகில் கொட்டலசும் பாசியும் ஏறி, கரையோரம் மிதக்கும்.

அப்படி வரும் ஆமையை உடனே மேசையில் கிடத்திக் கட்டியை அறுக்கக் கை துடிப்பது இயல்பு. இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் கேள்வி, எந்த ஆமையை அறுப்பது என்பது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் கட்டி இருந்தால் தோலைச் சுத்தம் செய்து பயனில்லை. எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன், உள்நோக்கி ஆகியவற்றால் உள்ளே பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். உள்ளுறுப்புகளில் கட்டி உறுதியானால் கருணைக்கொலையே மருத்துவரின் கடமை. மாதக்கணக்கில் தொட்டியில் வைத்திருந்து சாகவிடுவதை நான் இரக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேறக்கூடிய ஆமைக்கும் முதல் மருந்து கத்தி அல்ல. நீர்ச்சத்து, உணவு, இரத்தசோகை முற்றியிருந்தால் இரத்தம் ஏற்றுதல். உடல் தேறிய பிறகே மயக்க மருந்து. கார்பன் டை ஆக்சைடு லேசரால் அறுத்தால் இரத்தச் சேதம் குறைகிறது. கட்டிகள் நிறைய இருந்தால் பல தவணைகளாக அறுக்க வேண்டியிருக்கும். ரிச்சி மொரெட்டி என்ற விடுதி உரிமையாளர் 1986-இல் ஃபுளோரிடாவின் மாரத்தானில் தொடங்கிய ஆமை மருத்துவமனை, இவ்வகை அறுவைக்குப் பெயர் பெற்றது.

அறுத்த இடத்தில் கட்டி மீண்டும் முளைப்பது சகஜம்; கண்ணில் வந்தவை இன்னும் பிடிவாதமானவை. ஆகவே காயம் ஆறியதும் கடலில் விட அவசரப்படக் கூடாது. நோயுள்ள ஆமைக்குத் தனித் தொட்டி, தனி நீர், தனிக் கருவிகள் கட்டாயம். உடலில் ஒட்டியிருக்கும் அட்டைகளை அகற்றுவதும் முக்கியம். அவை வைரஸைச் சுமப்பதாக ஆய்வுகள் சுட்டுகின்றன.

கட்டி போனாலும் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆமை திரும்பிப் போவதும் பெரும்பாலும் அதே நீருக்கு. நடுக்கடலில் வளரும் குஞ்சுகளிடம் இக்கட்டிகள் அரிது. மேய்ச்சலுக்குக் கரையோரம் வந்த பிறகே தோன்றுகின்றன. விவசாயக் கழிவும் குடியிருப்புக் கழிவும் கலக்கும் ஃபுளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில், இளம் பேராமைகளில் ஏறத்தாழப் பாதி நோயுற்றவை. ஹவாயில் வேறு கதை. அங்கே ஃபுளோரிடாவில் அரிதான வாய்க்கட்டிகள் அதிகம். ஆயினும் 1990-களின் நடுவில் உச்சம் தொட்ட நோய், பின்னர் யாரும் சிகிச்சை தராமலே தணிந்தது. சில ஆமைகளில் கட்டிகள் தாமாகவே சுருங்குவதும் உண்டு. ஏன் என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வு நம் துறைக்கு அவசரத் தேவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடலில் விட்டவற்றின் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். இறந்தவை, கட்டி மீண்டும் வந்தவை, கருணைக்கொலை செய்தவை அனைத்தையும் உங்கள் கட்டுரைகளில் வையுங்கள். விட்ட ஆமைக்கு அடையாளச் சில்லு பொருத்தி, மறுபடி பிடிபட்டால் அதன் நிலையை எழுதி வையுங்கள். முதல் அமர்வு கண் கட்டிகள் குறித்தது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.