உடைந்த தறியும் எரிந்த பீரோவும்



தருமபுரியில் கூடியிருக்கும் நாம் அயர்லாந்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அங்கே நடந்ததை மதச் சண்டை என்கிறார்கள். இங்கே நடந்ததைக் காதலால் வந்த சண்டை என்கிறார்கள். இரண்டு பெயர்களுமே வேரை மறைக்கின்றன.

2012 நவம்பர் 7 மாலை நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. தலித் இளைஞர் ஒருவரும் வன்னியர் பெண் ஒருவரும் மணம் செய்துகொண்டதும், அப்பெண்ணின் தந்தை அன்று இறந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. மணம் நடந்தது ஒரு வீட்டில். எரிந்தது மூன்று குடியிருப்பு. எரிந்தவற்றையும் களவு போனவற்றையும் பாருங்கள்: பீரோ, நகை, ரொக்கம், இருசக்கர வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ். பெங்களூருவிலும் பிற ஊர்களிலும் வேலை பார்த்து, நம் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தவை அவை.

இனி அயர்லாந்துக்கு வருவோம். 1795இல் ஆர்மா பகுதியில் கத்தோலிக்க நெசவாளர் வீடுகளுக்குள் புராட்டஸ்டன்ட் கும்பல்கள் புகுந்தன. தறிகளை உடைத்தன, நெய்த துணியைக் கிழித்தன, ஆயிரக்கணக்கானோரை ஊரைவிட்டு விரட்டின. கீழே இருந்தவர் தறியோடு தலைநிமிர்ந்தது அவர்கள் கண்ணை உறுத்தியது. அதே ஆண்டு, அதே பகுதியில்தான் ஆரஞ்சு சங்கமும் பிறந்தது.

மணத்துக்கும் சொத்துக்கும் உள்ள உறவு அங்கே சட்டமாகவே இருந்தது. நிலத்துக்கு வாரிசான புராட்டஸ்டன்ட் பெண் கத்தோலிக்கரை மணந்தால் அவளுடைய சொத்துரிமை போய்விடும் என்று 1697இல் சட்டம் போட்டார்கள். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிறுவினார். பெண்ணைக் காவல் காப்பது, நிலத்தையும் அந்தஸ்தையும் காவல் காப்பதற்காகவே.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதத்தை மாற்றிக்கொள்ள வழியுண்டு. சாதியை மாற்றிக்கொள்ள வழியில்லை. தீண்டாமை அங்கே இல்லை.

ஆனாலும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இரண்டு மண்ணிலும் மக்கள் ஒருகாலத்தில் சேர்ந்து நின்றார்கள். 1791இல் பெல்ஃபாஸ்ட்டில் தொடங்கிய ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தில் இரு மதத்தாரும் இருந்தார்கள். 1798 எழுச்சியை ஆங்கிலேய அரசு இரத்தத்தில் மூழ்கடித்தது. அதன்பின் மதவழி அணிதிரட்டல் அந்த இடத்தைப் பிடித்தது.

நம் நாயக்கன்கொட்டாயில் 1980இல் கொல்லப்பட்ட தோழர் பாலனின் சிலை இருக்கிறது. கந்துவட்டியையும் இரட்டைக் குவளையையும் எதிர்த்து வன்னிய இளைஞரும் தலித் இளைஞரும் தோளோடு தோள் நின்ற பகுதி அது. அந்த இயக்கத்தைக் காவல்துறை நசுக்கியது. பின்பு சாதிச் சங்கம் வந்தது. வன்னியர் வறுமையும் உண்மைதான். 1987 சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் மேலே ஏறக் கேட்ட அதே கைகளில் சிலவற்றைக் காலனிக்கு எதிராகத் திருப்பிவிட, மேடைகளில் 'நாடகக் காதல்' என்ற சொல் போதுமானதாக இருந்தது.

அந்த ஒற்றுமை ஏன் நிலைக்கவில்லை? அடக்குமுறை ஒரு காரணம். மற்றொன்றை நாம்தான் பேச வேண்டும். போராட்டம் பொதுவாக இருந்தபோதும், ஊர் ஊராகவும் காலனி காலனியாகவும் இருந்தன. தேநீர்க்கடைக் குவளை ஒன்றானது, குடியிருப்பு ஒன்றாகவில்லை. தீ வைக்க வந்தவருக்கு எங்கே போக வேண்டும் என்று யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை.

வட அயர்லாந்தில் 3,500 பேர் மாண்டபின் 1998இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பெல்ஃபாஸ்ட்டில் இரு பிரிவினரின் தெருக்களுக்கு நடுவே சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இதற்கு மாற்றாக, 1981இலேயே சில பெற்றோர் இரு மதப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்க லேகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் 28 பிள்ளைகள்தாம். குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோதே அதைச் செய்தார்கள்.

நிவாரணம் எரிந்த கூரையைத் திரும்பப் போட்டுத் தரும். காலனி என்ற எல்லையை அழிக்காது. காலனிக்கு வெளியே வீட்டுமனை, ஊருக்கு நடுவே பொதுப்பள்ளி, சாதி மறுத்து மணந்தோருக்கு உயிர்ப் பாதுகாப்பு. இம்மூன்றையும் கேட்டு நாம் ஊர்ப்பக்கத்துக்கும் போய்ப் பேச வேண்டும், பாலனின் சிலை நிற்கும் அந்தச் சாலையிலிருந்தே.

ஜெய் பீம்.