இதயச் செயலிழப்பும் மருத்துவமனை வளமும்: சிக்கனம் யாருக்காக?

(பொதுச் சுகாதாரம் குறித்த பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மருத்துவமனை வளங்களைத் திறம்படப் பயன்படுத்துதல் என்னும் முழக்கத்தை இன்று நிர்வாக ஆலோசகர்கள் தமதாக்கிக் கொண்டுள்ளனர். செவிலியர் பணியிடங்களை ஒப்பந்தமயமாக்குதல், பரிசோதனைக் கூடங்களைத் தனியாரிடம் ஒப்படைத்தல், நோயாளியை விரைந்து வெளியேற்றுதல் ஆகியனவே அவர்கள் அதற்குக் கொள்ளும் பொருள். ஆனால் பொதுப்பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறை உழைக்கும் மக்களுக்கே முதலில் உரியது; ஏனெனில் அது அவர்களது பணம். ஆகவே அந்த முழக்கத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு என்ற ஒரு நோயை எடுத்துக்கொண்டு, வளம் உண்மையில் எங்கே வீணாகிறது என்று பார்ப்போம்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் திடீரென நின்றுவிடுவது என்று பலர் கருதுகின்றனர். உடலுக்குத் தேவையான இரத்தத்தைச் செலுத்த இயலாதவாறு இதயம் நலிவடைந்த நிலையே அது. மாரடைப்பு, நெடுநாளைய இரத்த அழுத்தம், ருமாட்டிக் காய்ச்சலால் பழுதடைந்த வால்வு ஆகியவை முக்கியக் காரணங்கள். கால்கள் வீங்கும், நுரையீரலில் நீர் தேங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மருத்துவமனையில் நீரை வெளியேற்றும் ஊசி மருந்து தரப்படுகிறது. சில நாட்களில் நோயாளி வீடு திரும்புகிறார். நோய் தணிந்திருக்கிறது, தீரவில்லை. அதன் பின்னர் கிடைக்கும் பராமரிப்பே அவரது ஆயுளைத் தீர்மானிக்கிறது.

2013-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இந்நோயுடன் சேர்க்கப்பட்ட 1,205 பேரை மருத்துவர்கள் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 61. ஐந்து ஆண்டுகளுக்குள் ஐவரில் மூவர் இறந்துவிட்டனர். இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்திருந்தோரில், பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை முறையாகப் பெற்று வீடு திரும்பியவர்கள் நால்வரில் ஒருவர் மட்டுமே. பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் நிற்கும் கேரளத்திலேயே நிலை இதுவெனில், மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் வடமாநிலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகள் எட்டாத விலையில் இருப்பதுதான் காரணமா? முழுவதும் அப்படியல்ல. எனாலாப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை பழைய, விலை மலிந்த மாத்திரைகள். டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை நம் நாட்டில் 2020-இல் முடிந்ததும் பல இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. விலை பெருமளவு சரிந்தது. ஆனால் இம்மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம் ஆகியவற்றைச் சோதித்துப் படிப்படியாக அளவைக் கூட்ட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த எந்திரம் தேவையில்லை. தொடர்ந்து கவனிக்கும் மனிதர்கள் தேவை.

இங்கேதான் ஒன்றிய அரசின் காப்பீட்டுக் கொள்கை அம்பலப்படுகிறது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வழங்குகிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான செலவை மட்டுமே அது ஏற்கும். பதினாறாம் நாள் அந்தத் தொழிலாளி மருந்துக்கடையில் தம் சொந்தப் பணத்துடன் நிற்கிறார். வேலையில்லாத வாரத்தில் மாத்திரை நிற்கிறது, நீர் மீண்டும் தேங்குகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. உடனே காப்பீட்டுப் பணமும் வருகிறது! மாத்திரைக்குப் பணம் தராத திட்டம் படுக்கைக்குப் பணம் தருகிறது. ஒவ்வொரு மறுசேர்க்கையும் தனியார் மருத்துவமனைக்கு வருவாய். அரசு மருத்துவமனைக்கோ, வேறொரு நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய படுக்கையின் இழப்பு.

எனவே உண்மையான சிக்கனம், தடுக்கக்கூடிய மறுசேர்க்கையைத் தடுப்பதில் இருக்கிறது. அதற்கான வழிகள் எளியவை. வீடு திரும்பிய ஓரிரு வாரங்களுக்குள் நோயாளியை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நாள்தோறும் காலையில் எடை பார்க்கக் கற்பிக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள். அப்போதே மருந்தைச் சரிசெய்தால் பல வேளைகளில் மருத்துவமனைப் படுக்கையே தேவைப்படாது.

அடுத்தது மறுவாழ்வு. நிலை சீரடைந்த நோயாளிக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி மறுசேர்க்கையைக் குறைக்கிறது. மீண்டும் வேலைக்குச் செல்லும் வலுவைத் தருகிறது. ஆறு நிமிடங்களில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்க 30 மீட்டர் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் போதும். மாரடைப்பு கண்ட ஏறத்தாழ 4,000 பேரிடம் இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் யோகப் பயிற்சி வழியிலான மறுவாழ்வு ஆராயப்பட்டது. இறப்பு குறைந்ததாக அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆயினும் பழைய பணிகளுக்குத் திரும்பும் ஆற்றல் மேம்பட்டது. கூலிக்கு உழைப்பவருக்கு அது சிறிய பயனன்று. நம் மாவட்ட மருத்துவமனைகளில் தாழ்வாரங்கள் உண்டு. இயன்முறை மருத்துவர் பணியிடங்களே போதவில்லை.

இதற்கான கட்டமைப்புக்கு முன்மாதிரியும் நம்மிடம் உள்ளது. 2008-இல் கேரள அரசு வலிநிவாரண, ஆதரவுப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர்கள் படுக்கையிலிருப்போரின் இல்லங்களுக்கே செல்கின்றனர். அதே செவிலியருக்குப் பயிற்சியளித்தால் எடை, நாடி, இரத்த அழுத்தம், கால்வீக்கம் ஆகியவற்றைக் கவனித்து மருத்துவருக்குத் தெரிவிக்க இயலும். ஆனால் இருக்கும் செவிலியரின் தோள்மீதே புதிய சுமையை ஏற்றிவிட்டு அதைத் திறன் என்று அழைக்க நாம் உடன்படலாகாது. புதிய பணிக்குப் புதிய பணியிடம், நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவதாக 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. இலக்கு எட்டப்படவில்லை. நமது கோரிக்கைகள் தெளிவானவை: இதயச் செயலிழப்புக்கான மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதந்தோறும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் எக்கோ பரிசோதனையும் இதய மறுவாழ்வுப் பிரிவும் அமைய வேண்டும், காப்பீட்டு நிறுவனங்களுக்குச் செல்லும் பணம் பொது மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட வேண்டும்.

தோழர்கள் தத்தம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். அரசு மருத்துவமனைக்குச் சென்று கேளுங்கள்: இந்நோயுடன் வீடு திரும்புவோருக்கு எத்தனை நாள் மாத்திரை தரப்படுகிறது? மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கப்படுகிறதா? எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் மீண்டும் சேர்க்கப்படுகின்றனர்? விடைகளைத் தொகுத்து மக்களிடம் செல்வோம். மூச்சுத் திணறும் உழைப்பாளி தம் வீட்டிலேயே நலமாக உறங்கும் நிலையை உருவாக்கும் செலவே சிக்கனமான செலவு. அதற்காகப் போராடுவோம்.