மலையை விட்டு இறங்கிய ஊர்

ஓர் ஊர் இடம் மாறினால் என்னென்ன மாறும்? வீடு மாறும். தொழில் மாறும். பேசுகிற மொழியும் மாறுமா? இத்தாலி நாட்டில் உள்ள ரொகூதி என்ற ஊரின் கதையைக் கேளுங்கள்.

வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் போலத் தெரியும். அந்த பூட்ஸின் நுனியில் இருப்பது கலாப்ரியா. அங்கே அஸ்ப்ரொமோந்தே மலையில், அமெந்தோலேயா ஆற்றுக்கு மேலே, ஒரு பாறை முனையில் இருந்தது ரொகூதி. வாசலைத் தாண்டினால் பள்ளம். குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்கத் தாய்மார்கள் அவர்களைக் கயிற்றால் கட்டி வைப்பார்களாம். மக்கள் ஆடு மேய்த்தார்கள். கிடைத்த சிறு நிலத்தில் பயிர் செய்தார்கள்.

அவர்கள் வீட்டில் பேசியது இத்தாலிய மொழி அல்ல. கிரேக்கோ என்ற பழைய கிரேக்கப் பேச்சு. வெளியார் எளிதில் வர முடியாத மலை, பல நூறு ஆண்டுகள் அந்த மொழிக்கு வேலியாக இருந்தது.

1971 அக்டோபரில் பெருமழை கொட்டியது. வெள்ளம் வந்தது. மண் சரிந்தது. இனி அங்கே வாழ்வது ஆபத்து என்று மக்களை வெளியேறச் சொன்னார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் வெள்ளம். ஊர் காலியானது.

மக்கள் உடனே ஒரே இடத்தில் குடியேறவில்லை. பல ஊர்களில் சிதறி வாழ்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் கடலோரத்தில், மேலித்தோ என்ற ஊருக்குப் பக்கத்தில், புதிய ரொகூதி எழுந்தது.

புதிய ஊரில் பள்ளம் இல்லை. சாலை உண்டு. பள்ளியும் மருத்துவரும் அருகில் உண்டு. இது பெரிய நன்மை. ஆனால் மலை மேய்ச்சல் நிலம் அங்கே இல்லை. ஆட்டின் பின்னாலும் அடுப்பின் முன்னாலும் பேசிய மொழிக்குப் பேச்சுத் துணை குறைந்தது. சுற்றிலும் வேறு பேச்சு. பிள்ளைகள் அதையே பேசி வளர்ந்தார்கள்.

குறை இடமாற்றத்தில் மட்டும் இல்லை. கிரேக்கோ பேசுவது பட்டிக்காட்டுத்தனம் என்ற ஏளனம் முன்பே இருந்தது. வெட்கப்பட்ட பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் அதைப் பேசவில்லை. மலையிலேயே தங்கிவிட்ட கல்லிச்சானோ என்ற பக்கத்து ஊரிலும் இன்று அதைப் பேசுவோர் சிலரே.

1999-இல் இத்தாலி ஒரு சட்டம் இயற்றியது. கிரேக்கம் உட்பட 12 சிறுபான்மை மொழிகளுக்கு அது பாதுகாப்பு தந்தது. போவா என்ற ஊரில் இளைஞர்கள் கோடைக்காலத்தில் கிரேக்கோ கற்கிறார்கள். பெரியவர்களைத் தேடிப்போய்ப் பேசுகிறார்கள்.

நண்பர்களே, உயிரைக் காக்க ஊர் மாறத்தான் வேண்டும். அப்போது அக்கம்பக்கத்தாரைப் பிரிக்காமல் ஒன்றாகக் குடியமர்த்த வேண்டும். புதுவீட்டை அரசு கட்டித் தரலாம். தாய்ப் பேச்சைப் பிள்ளைக்குத் தர வீட்டாரால்தான் முடியும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். பாட்டி சொல்லும் கதையை, தாத்தா சொல்லும் மரம் செடிகளின் பெயரை, ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.